குடம் மிஸ் போட்ட கட்டுப்பாடு

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம். ஏழு மணி நேரம் தாங்கும் என்றுதான் ஹேமந்த் சொல்லியிருந்தான். குறைந்துபோன இருபது நிமிடத்துக்கு நான் பொறுப்பல்ல. பேட்டரி அவர்கள் கல்லூரியில் வாங்கியது.

மேடம், நேற்று நீங்கள் மூன்று முறை பதிவை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றீர்கள். நான் சத்தமாகத்தான் சொன்னேன். போட்டுக் கேட்டபோது அதில் மின்விசிறி இருந்தது, வெளியே கத்திய ஆடு இருந்தது, நான் இல்லை. அதனால்தான் இன்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயால் பதில் சொல்ல வேண்டும், அது விசாரணைப் படிவத்தின் விதி என்றீர்கள். முயற்சி செய்கிறேன்.

என் பெயர் ஜெபசெல்வி. வயது இருபத்து மூன்று. லைட்ஹவுஸ் குப்பம். பி.எஸ்சி. இயற்பியல். இந்தக் குப்பத்தில் அறிவியல் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் உங்கள் போட்டிக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக என்னை எடுத்தீர்கள். நான் விண்ணப்பிக்கவில்லை. உங்கள் ஆட்கள் கரையில் வந்து விசாரித்தபோது என் அம்மா சூசையம்மாள், "எம் பொண்ணு கீது, சயின்ஸு" என்று கை தூக்கினார். அம்மா மீன் ஏலம் விடுகிறவர். அவர் கை தூக்கினால் மறுபேச்சு கிடையாது.

அம்மா ஏலம் விடும்போது போனில் உள்ள செயலியை வைத்து ஒருமுறை அளந்தேன். தொண்ணூற்றாறு டெசிபல். என் குரலை அளந்தபோது நாற்பத்தெட்டு. பாதி என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கு அப்படி வராது. வித்தியாசம் பல ஆயிரம் மடங்கு. எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததும் அலைக்கு அப்பால் நிற்கும் படகுக்குக் கேட்கிற மாதிரி அழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் அழவில்லையாம். "வாயில இன்னாடி கொழுக்கட்டையா வச்சிகினு கீற?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. கேட்டுவிட்டு நிற்கமாட்டார். போய்விடுவார். எங்கள் வீட்டில் கேள்விகள் எல்லாம் அப்படித்தான்.

போட்டியைப் பற்றி உங்களுக்கே தெரியும். இருந்தாலும் படிவத்தில் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். பதினோரு கல்லூரிக் குழுக்கள், பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பதினோரு பால்வாடிகள். ஒவ்வொரு குழுவும் சின்னக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ரோபோ ஒன்றைச் செய்து, முப்பது நாள் ஒரு பால்வாடியில் விட்டுப் பார்க்க வேண்டும். ஆரம்பாக்கத்துக்கு வந்தது பூநாரை. ஒற்றைக் காலில் நின்றது. ரயில் போகும்போதெல்லாம் விழுந்தது. குழந்தைகள் ரயில் நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டு சரியான நொடியில் ஓடிப் பிடித்தார்கள். அந்தக் குழு அதைக் 'கற்றல் விளைவு' என்று அறிக்கையில் போட்டது. பழவேற்காட்டுக்கு வந்தது இணையம் இருந்தால்தான் பேசும். சிக்னல் பஸ் ஸ்டாண்டில்தான் கிடைத்தது. தினமும் குழந்தைகள் அதைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். ஒருநாள் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

எங்களுக்கு வந்தது ஹேமந்த் குழுவின் ரோபோ. பொன்னேரிப் பக்கத்துப் பையன், மூன்றாம் ஆண்டு. என்னை அக்கா என்று கூப்பிடுவான். பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துச் சக்கரம் வைத்திருந்தார்கள். உள்ளே மைக், ஸ்பீக்கர், பேட்டரி. குழந்தைகள் அன்றே அதற்குக் குடம் மிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் நோக்கம், ஹேமந்த் எழுதிய தாளில் உள்ளபடி, 'குழந்தைகளைத் தயக்கமின்றிப் பேச வைப்பது'.

எங்கள் பால்வாடியில் இருபத்திரண்டு குழந்தைகள். குடம் மிஸ் ஒரு கேள்வி கேட்டால் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். அதற்குக் காது குழம்பும். "அருமை கண்ணே. மறுபடியும் சொல்லு" என்னும். மறுபடியும் சொல்வார்கள். முதல் நாள் இது நூற்று நாற்பது முறை நடந்தது. எண்ணினேன். அதிகம் கத்தியவன் ஜோயல். என் அண்ணன் மகன், நாலு வயது. அவன் என்னை ஊமை அத்தை என்று கூப்பிடுவான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் ஹேமந்த் வந்து குடத்துக்கு இரண்டு கண் வைத்தான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பு எரிந்தால் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பச்சை எரிந்தால் பேசலாம். அதை மாற்ற பைக் சாவி மாதிரி ஒரு சாவி கொடுத்தான், நீலக் கயிற்றில் கோத்து. இரண்டு பொத்தான்.

"அக்கா, நீங்கதான் இன்சார்ஜ். ஒரே ஒரு சாவிதான் கீது. தொலைச்சிடாதீங்க."

தலையாட்டினேன். குழந்தைகள் சிவப்பைப் பார்த்து இன்னும் கத்தினார்கள். சிவப்பு அழகாக இருக்கிறதாம்.

அப்போதுதான் ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்றார். வலை பின்னுகிற இடம் வரை சத்தம் வருகிறது என்று கேட்க வந்தவர்.

"இன்னா நைனா பேஜாரு?"

ஹேமந்த் விளக்கினான். தலைவர் கொஞ்ச நேரம் குடத்தைச் சுற்றி நடந்தார். பிறகு குழந்தைகளைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தா, எல்லாம் கேட்டுக்கோங்க. செகப்பு எரிஞ்சா கட்டுப்பாடு. நம்ம ஊரு கட்டுப்பாடு கீதே, அதே மாதிரி. போட்டவங்கதான் எடுக்கணும். மீறுனா இன்னா ஆவும்?"

"வலைய புடுங்கி வச்சிருவாங்க," என்றார்கள் இருபத்திரண்டு பேரும்.

"உங்களுக்கு வல ஏது? சோத்துத் தட்ட புடுங்கிருவேன்."

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஊரில் சாவு விழுந்தாலோ கடல் சரியில்லை என்றாலோ தலைவர் கட்டுப்பாடு போடுவார். ஒரு படகும் இறங்காது. எதிரில் மீன் துள்ளினாலும் இறங்காது. போட்டவர் வந்து, எடுத்தாச்சு என்று சொல்ல வேண்டும். மீறியவன் வலையை ஊர்க் கூடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவன் படகையும் யாரும் தொடக் கூடாது, அவன் உட்பட. தனசேகர் மாமா மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி மீறினார். அவர் படகு அன்றிலிருந்து பால்வாடிக்குப் பின்னால், தார்ப்பாய் போட்டபடி கிடக்கிறது. குழந்தைகள் தினமும் அதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். பந்து அதற்குள் விழுந்தால் பந்தை விட்டுவிடுவார்கள். எனவே கட்டுப்பாடு என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தலைவர் போன பிறகு நான் சிவப்பை அழுத்தினேன். அறை நின்றுவிட்டது. போனை எடுத்து அளந்தேன். நாற்பத்து மூன்று. அதுவும் கடல். நான் அந்தப் பால்வாடியில் படித்தவள். அதற்குள் கடல் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டு விநாடி கழித்துப் பச்சையை அழுத்தினேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு உங்கள் மேசையில் இருக்கிறது. நான்காம் நாள் நாற்பது விநாடி. ஆறாம் நாள் மூன்று நிமிடம். ஒன்பதாம் நாள் ஒன்பது நிமிடம். எந்தக் குழந்தையையும் நான் துன்புறுத்தவில்லை. சிறுநீர் என்றால் ஒரு விரல், தண்ணீர் என்றால் இரண்டு விரல். எல்லாம் ஒழுங்காக நடந்தது. டீச்சருக்கு நிம்மதி. அவர் பதிவேடுகளை எழுதி முடித்தார், தடுப்பூசிக் கணக்கைச் சரிசெய்தார், ஒருநாள் சிறிது நேரம் தூங்கினார்.

பத்தாம் நாள் ஒன்று நடந்தது. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. நான் எனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "அதோ பாருங்க" என்றேன். இருபத்திரண்டு தலைகளும் திரும்பின.

மேடம், உங்களுக்கு இது சாதாரணமாக இருக்கும். நீங்கள் பேசினால் கேட்கிறது. நான் பேசி இருபத்திரண்டு பேர் திரும்பியது அதுதான் முதல் தடவை. திரும்பியவர்கள் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள், அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று. நாற்பத்தெட்டு டெசிபல் நாற்பத்து மூன்றைவிட ஐந்து அதிகம். அது போதும்.

அன்றிலிருந்து சிவப்பு எரியும்போது பாடம் நடத்தினேன். ஒளி எப்படி வளைகிறது, உப்பு எப்படிக் கரைகிறது, கடல் ஏன் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் காற்றை அனுப்புகிறது. குறுக்கே யாரும் பேசவில்லை. "இன்னாது?" என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்தாம் நாள் ஐம்பது நிமிடம். இருபதாம் நாள் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். இவ்வளவு நேரம் கவனிக்கிற வகுப்பு எங்கள் கல்லூரியிலேயே கிடையாது.

பலனையும் சொல்ல வேண்டும். ஊர் மகிழ்ச்சியாக இருந்தது. ஜோயலின் அம்மா, என் அண்ணி ரோஸ்மேரி, வீட்டுக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏன் ஜெபா, வூட்டுக்கு ஒரு செகப்பு லைட்டு கெடைக்குமா? சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும்."

"மொதல்ல உம் புருசனுக்கு வாங்கு," என்றார் அம்மா. "ஏலத்துக்கும் ஒண்ணு வேணும். யாவாரிங்க வாய மூடிகினு கீறப்ப நான் மட்டும் பேசணும்."

உங்கள் குழுவும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பதினெட்டாம் நாள் ஹேமந்த் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு முதல் சுற்றில் எங்களுக்கு முதலிடம் கொடுத்தீர்கள். 'குழந்தைகள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தது உங்கள் கையெழுத்து என்று நினைக்கிறேன். பேச வைக்கும் ரோபோவுக்கு அந்தப் பரிசு ஏன் என்று ஹேமந்துக்குக் கொஞ்சம் குழப்பம். இருந்தாலும் சந்தோஷப்பட்டான். பேட்டரியை மாற்றிப் பெரிதாகப் போட்டுக்கொடுத்தான். "ஏழு மணி நேரம் தாங்கும் அக்கா," என்றான். நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

இருபத்து நான்காம் நாள். காலை ஒன்பது இருபதுக்குச் சிவப்பு எரிந்தது. அன்றைய பாடம் ஒலி. நிறைய இருந்தது. அதிர்வு, அலை, காது, எதிரொலி, கடைசியில் ஒலியின் வேகம். ஏழு மணி நேரத்துக்குப் பிரித்து வைத்திருந்தேன். நடுவில் சாப்பாடு.

ஒன்பதரைக்கு ஜோயல் ஒரு விரல் காட்டினான். தலையசைத்தேன். வெளியே போனான். அவனுக்கு ஒலியில் ஆர்வம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தனசேகர் மாமாவின் படகருகே கிடந்த கல்லில் ஏறினான். அவனுடைய பந்து பத்து நாளாக அதற்குள் கிடந்தது. தார்ப்பாயைத் தூக்கினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். பிறகு உள்ளே இறங்கினான்.

ஆமாம் மேடம். பார்த்தேன். மற்ற இருபத்தொரு பேரும் பார்த்தார்கள். நேற்று அந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். முதலில் தயவுசெய்து கேள்வியைச் சரியாகப் பாருங்கள். 'ஜோயல் எங்கே என்று அறிந்தும் ஏன் சொல்லவில்லை' என்று இருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தபோது டீச்சர் எண்ணினார். ஒரு தட்டு மீந்தது. "ஜோயல் எங்கடா?" என்று குழந்தைகளைக் கேட்டார். இருபத்தொரு பேரும் குடம் மிஸ்ஸைப் பார்த்தார்கள். சிவப்பு. சோற்றைப் பார்த்தார்கள். தட்டு போய்விடும். வாயைத் திறக்கவில்லை. டீச்சர் கரைக்கு ஓடினார்.

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. முகத்துவாரத்தில் அன்று இழுப்பு அதிகம். பையன் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பதினாறு படகுகள் இறங்கின. வலை போட்டு இழுத்தார்கள். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருந்தார். அண்ணி கரை நீளத்துக்கும் ஜோயல், ஜோயல் என்று கத்திக்கொண்டு போனார். பால்வாடிக்கும் படகுக்கும் நடுவேகூட இரண்டு முறை போனார். இடம் இடமாகத் தேடினார்கள்: கருவாட்டுக் கொட்டகை, ஐஸ் பெட்டிகள், லைட்ஹவுஸ் சுவர். தண்டனைப் படகை மட்டும் யாரும் தொடவில்லை. தொடக் கூடாது.

அம்மா பால்வாடிக்குள் வந்தார். குரல் கம்மியிருந்தது. அப்படி நான் கேட்டதே இல்லை.

"நீ பாத்தியாடி?"

நான் வாயைத் திறந்தேன்.

"இதுகிட்ட போய் கேட்டேன் பாரு," என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இதை ஒரு கேள்வியாக நீங்கள் கணக்கில் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்.

ஒரு மணிக்கு அண்ணி தலைவரை இழுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குத் தெரியும், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, சிவப்பை எடுங்கள் என்றார். சாவி எங்கே என்றார்கள். வழக்கமாக அது மேசை மேல் இருக்கும். அன்று மேசை மேல் இல்லை. பாய்க்கு அடியில் தேடினார்கள், சத்துமாவு டப்பாவைக் கொட்டித் தேடினார்கள், டீச்சரின் கைப்பையில் தேடினார்கள். நானும் குனிந்து தேடினேன். தலைவர் ஹேமந்துக்குப் போன் போட்டார். அவன் பொன்னேரியில் பஸ் ஏறிவிட்டான். வேறு சாவி இல்லை, குடத்தை உடைத்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள் என்றான்.

தலைவர் சுத்தியல் கேட்டார். அப்போது தனசேகர் மாமா வாசலில் வந்து நின்றார்.

"ஒடைங்க தலைவரே. நல்லா ஒடைங்க. போட்டவங்க எடுக்காமயே கட்டுப்பாட்ட ஒடைக்கலாம்னா, எம் வலைய இன்னைக்கே குடுத்துரணும்."

"யோவ், புள்ளைய காணோம்யா."

"அன்னைக்கு எம் மச்சான் ஆஸ்பத்திரில கெடந்தான். அவசரம்னு சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்க? போட்டவங்கதான் எடுக்கணும்னீங்க."

தலைவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கட்டுப்பாட்டை உடைத்தால் நாளை எவன் எதற்கு அடங்குவான். சுத்தியலைக் கீழே வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குடத்தின் முன்னால் கைகூப்பினார்.

"அம்மா, குடம் மிஸ்ஸு. புள்ளைய காணோம் தாயி. நீங்களா பாத்து எடுத்துடுங்க."

"அருமை கண்ணே," என்றது குடம். "மறுபடியும் சொல்லு."

அவர் மறுபடியும் சொன்னார். ஏழு முறை சொன்னார். தெளிவாகவும் சொன்னார். மைக்குக்கு ஏற்ற குரல் அவருடையது. அண்ணி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் காலையும் தொட்டார். ஒரு சின்னப் பெண் அழுதாள். சத்தமில்லாமல்.

பிறகு முகத்துவாரத்தில் ஏதோ தெரிகிறது என்று யாரோ கத்த, எல்லோரும் ஓடினார்கள். மிதந்தது ஒரு தெர்மோகோல் பெட்டி. ஆனால் யாரும் திரும்பி வரவில்லை. நானும் இருபத்தொரு குழந்தைகளும் இருந்தோம். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பாடத்தைத் தொடர்ந்தேன். வேறு என்ன செய்வது. எதிரொலியில் விட்டிருந்தேன்.

அன்று வெயில் முப்பத்தேழு டிகிரி. தார்ப்பாய்க்குக் கீழே எவ்வளவு என்று தெரியாது. அளக்கவில்லை. உள்ளிருந்து ஏற முடியாத அளவுக்குப் படகு ஆழம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகு என்றால், இரண்டரை மணிக்கு. அவன் விரல்கள் இரண்டு முறை விளிம்பில் வந்து போயின. கத்தியிருக்கலாம். இந்த ஊரிலேயே பெரிய தொண்டை அவனுடையது. அவன் கத்தவில்லை. சிவப்பு எரியும்போது வெளியே போனவன், பச்சை எரிந்ததைப் பார்க்கவில்லை. அவ்வளவு நல்ல மாணவன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஹேமந்த் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கரையிலேயே அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். நான்கு மணிக்குச் சிவப்பு அணைந்தது. பச்சையும் எரியவில்லை. குடம் மொத்தமாக அணைந்துபோனது. ஒலியின் வேகத்தை அப்போதுதான் தொட்டிருந்தேன். இன்னும் இருபது நிமிடம்.

குழந்தைகள் குடத்தைப் பார்த்தார்கள். ஒரு கணம். பிறகு இருபத்தொரு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"ஜோயலு தனசேகர் மாமா போட்ல கீறான்!"

நூற்று இரண்டு டெசிபல். பதிவு இருக்கிறது. முகத்துவாரத்துக்கு ஒலி போய்ச் சேர இரண்டு விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. படகுகள் அங்கேயே திரும்புவதை ஜன்னலில் பார்த்தேன். நான் அப்போது நடத்திக்கொண்டிருந்த பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை இல்லை. அதைச் சொல்ல அறையில் யாரும் இல்லை.

தார்ப்பாயை இழுத்தது தனசேகர் மாமாதான். தண்டனைப் படகைத் தொட்டதற்காக அவருக்கு இன்னும் ஒரு மாதம் கூட்டினார்கள். ஜோயல் உயிரோடு இருந்தான். உதடு வெடித்திருந்தது. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணி, "வாயத் தொறடா, எஞ் சாமி, ஒரு வார்த்த பேசுடா," என்றார். அவன் பேசவில்லை.

மறுநாள் ஊர் கூடிக் குடம் மிஸ்ஸை விசாரித்தது. பிள்ளைக்கு ஆபத்து வந்தபோதும் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை என்பது குற்றம். ஒரு வருடம் ஊர்க் கூடத்தில், தனசேகர் மாமாவின் வலைக்குப் பக்கத்தில் பூட்டிவைக்கத் தீர்ப்பு. ஹேமந்த் குழுவைப் போட்டியிலிருந்து நீக்கினீர்கள். சாவி கிடைக்கவில்லை, ஆகவே அது குறைபாடுள்ள சாவி என்று முடிவுகட்டி அவன் கல்லூரியும் அவனை நிறுத்திவைத்திருக்கிறது. அவன் இப்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறான். வரும்போது, "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா, சாவி நல்லாத்தானே வேலை செஞ்சுது," என்றான். தலையாட்டினேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

ஜோயல் பேசி இன்றோடு பன்னிரண்டு நாள். மற்றக் குழந்தைகள் சிவப்பு அணைந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை. பொன்னேரி டாக்டர் தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார். அண்ணி வீட்டில் பச்சை பல்பு மாட்டினார். பச்சைப் புடவை கட்டினார். தலைவர் ஊர்க் கூடத்தைத் திறந்து, இவனுக்காக மட்டும் குடத்தைக் கொண்டுவந்து, வேறு பேட்டரி போட்டுக் காட்டினார். பேட்டரி போட்டதும் சிவப்புதான் எரிந்தது. அதை மாற்றச் சாவி வேண்டும். தலைவரே, "எடுத்தாச்சுடா நைனா, கட்டுப்பாடு எடுத்தாச்சு," என்று அவன் முன்னால் உட்கார்ந்து சொன்னார். ஜோயல் தலையை இல்லை என்று ஆட்டினான். போட்டவர் அவர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் ஜோயல் என்னிடம்தான் அதிகம் வருகிறான். காலையில் எழுந்ததும் வந்து என் முன்னால் நின்றுவிடுவான். என் சுடிதார்ப் பையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். மணிக்கணக்காக நிற்பான். அண்ணிக்குக் கொஞ்சம் பொறாமைகூட. ஊமை அத்தை என்று கூப்பிட்டவன் என்னோடு இவ்வளவு ஒட்டுவான் என்று யார் நினைத்தார்கள். நான் அவனுக்கு ஒலியின் வேகத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அந்த இருபது நிமிடப் பாடமும் முடிந்தது. மிகக் கவனமாகக் கேட்டான்.

ஒரு குழந்தைக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. கேட்கக் கற்றுக்கொடுத்தேன். அது பேச்சைவிடக் கஷ்டம். எனக்குத் தெரியும், இருபத்து மூன்று வருடம் கேட்டிருக்கிறேன்.

இதோடு எழுதுவது முடிந்தது என்று தாளை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் படித்தீர்கள். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டீர்கள். சாவி எங்கே. கேட்டுவிட்டு எழுந்து போகவில்லை. அடுத்தவரிடம் திரும்பவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னீர்கள். பேனாவை வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில் அண்ணி ஜோயலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். கடல் கேட்டது.

என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு யாராவது காத்திருந்தால் நான் எப்போதும் பதில் சொல்லியிருப்பேன். சொன்னேன். "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றீர்கள். மறுபடியும் சொன்னேன். அதுவும் பதிவில் விழாமல் போயிருக்கலாம் என்பதால் சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

"எங்கிட்டதான். அன்னைக்கு காலைலருந்து சாய்ந்தரம் வரைக்கும் எங் கைலதான் இருந்துச்சி. இப்பவும் எம் பைலதான் கீது."